கிளவுன் ட்ரிகர் குஞ்சுடன் 14 மாதங்கள்: ஒரு பொந்தைச் சுற்றி நடந்தவை

தொடக்கப் பகிர்வு

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில், பின்னாளில் மூர்க்கமாக மாறக்கூடிய மீனைக் குஞ்சாக வாங்கி வந்து, பிறகு விழித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். எனக்கு நேர்ந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

என் தொட்டி 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 55 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. கணக்குப்படி 396 லிட்டர்; பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக, அதைவிடக் குறைவுதான். பவளம் எதுவும் இல்லாமல் உயிர்ப்பாறையும் (நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறை) மீன்களுமாக ஓராண்டு அமைதியாக ஓடிய தொட்டி அது. ஒசெல்லாரிஸ் கிளவுன் மீன் இணை ஒன்று, பச்சைக் குரோமிஸ் நான்கு, ஃபாக்ஸ்ஃபேஸ் என்று விற்கப்படும் மஞ்சள் ஓரா ஒன்று ஆகியவை அதில் இருந்தன. அந்த நிலையில்தான் 4 சென்டிமீட்டர் நீளமே இருந்த ஒரு கிளவுன் ட்ரிகரைக் கண்டேன். கிளாத்தி (ட்ரிகர் மீன்) இனங்களில் இதைப்போல் பார்ப்பவரை நிறுத்திவைக்கும் மீன் வேறில்லை என்பது என் எண்ணம். வளர்ந்த மீனுக்குப் பெரிய வெண்புள்ளிகள் வயிற்றுப் பக்கத்தோடு நின்றுவிடும். குஞ்சுக்கோ கரிய உடல் முழுவதும் புள்ளிகள் நிறைந்திருக்கும். இந்த இனம் 50 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதைப் படித்துத்தான் இருந்தேன். ஆனால் படித்தது ஏட்டில் இருந்தது, கட்டைவிரல் அளவுக் குஞ்சு கண்ணெதிரே இருந்தது.

ஐந்து வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பெரிய தொட்டியில் விட்டேன். விட்ட நொடியில் இடது மூலையில் இரண்டு விரல் மட்டுமே நுழையும் ஒரு பொந்துக்குள் புகுந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் அதன் மஞ்சள் வாயை மட்டுமே நாங்கள் பார்த்தோம். உறைநிலையிலிருந்து இளக்கிய மைசிஸ் இறாலைப் பொந்தின் வாயருகே குழாயால் விட்டால் தின்னும், வெளியே வராது. இவ்வளவு கூச்சமுள்ள மீனையா எல்லாரும் அஞ்சுகிறார்கள் என்று வீட்டில் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

இரண்டாம் மாதத்திலிருந்து நத்தைகள் குறையத் தொடங்கின. வெற்றுக் கூடுகள் மணலில் கிடந்தன. நீரின் தரத்தில் கோளாறு என்று எண்ணி மூன்று முறை சோதித்தேன், கோளாறு எதுவும் தென்படவில்லை. பிறகு ஒரு நாள் அது வாயால் நீரைப் பீய்ச்சி மணலைக் கிளறுவதையும், வெளிப்பட்ட நத்தையைக் கவிழ்த்து ஓட்டின் திறப்பைக் கடிப்பதையும் நேரில் பார்த்தேன். கடல் முள்ளெலிகளைக் கிளாத்திகள் கவிழ்க்கும் முறையும் இதுவே. எனக்குக் கோபம் வரவில்லை, வியப்புதான் வந்தது. இரண்டு கண்களையும் தனித்தனியே சுழற்றி ஒரே நேரத்தில் நத்தையையும் என்னையும் கவனிக்கும் மீனைக் கடிந்துகொள்ள யாருக்கு மனம் வரும்?

ஆறாம் மாதத்தில் கையிலிருந்து உணவு வாங்கப் பழகியது. அதில் பெருமை கொண்டது என் முதல் பிழை. விரல் நுனியில் ஒரு கடி வாங்கிய பிறகுதான் நீண்ட இடுக்கிக்கு மாறினேன். ஹீட்டரின் கம்பியில் பல் தடங்களைப் பார்த்ததும், ஹீட்டரைச் சம்ப்புக்குள் (நீரைச் சுத்திகரிக்கும் துணைத்தொட்டி) மாற்றிவிட்டேன். இதையெல்லாம் நான் வளர்ச்சியின் அடையாளங்களாகவே கொண்டேன், ஏனென்றால் மற்ற மீன்களை அது ஒரு முறைகூடத் தொடவில்லை.

பதினோராம் மாதத்தில் அது 9 சென்டிமீட்டரைத் தாண்டியது. அந்த வாரங்களில் ஓரா காலையில் பழுப்புத் திட்டுகளோடு நின்றதைப் பார்த்தேன். ஃபாக்ஸ்ஃபேஸ் உறங்கும்போது மஞ்சள் மங்கித் திட்டுத் திட்டாக மாறுவது இயல்பு. எனவே இன்னும் உறக்கம் கலையவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். அஞ்சி ஒடுங்கினாலும் அதே நிறம்தான் வரும் என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று, அந்த நேரத்தில் நினைவுக்கு வராத செய்தி. நான்காம் நாள் காலையில் ஓராவின் வால் துடுப்பு பாதி இல்லை, ஒரு கண் இல்லை. ட்ரிகர் எதுவும் நடவாததுபோல் கண்ணாடியருகே வந்து உணவு கேட்டு நின்றது.

அதற்குப் பின் ஒரு வாரம் இரவில் மங்கிய சிவப்பு விளக்கில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் நடந்தது விளங்கியது. கிளாத்திகள் உறங்கும்போது பாறை இடுக்கில் புகுந்து, முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தித் தம்மைப் பூட்டிக்கொள்ளும்; இரண்டாம் முள் அந்தப் பூட்டுக்குத் தாழ்ப்பாள்போல் இருக்கும். வளர்ந்துவிட்ட ட்ரிகருக்குப் பழைய பொந்து கொள்ளவில்லை. விளக்கு அணைந்ததும் அது தலையை நுழைத்துப் பார்க்கும், வெளியே வரும், மறுபடி நுழைக்கும், பிறகு வலப்புறத்தில் இருந்த பெரிய இடுக்குக்குச் செல்லும். அந்த இடுக்கு ஓரா ஓராண்டுக்கும் மேலாக உறங்கிவந்த இடம். தனித்தொட்டிக்கு ஓராவை மாற்றிவிட்டிருந்ததால் அந்த வாரம் இடுக்கு காலியாகவே இருந்தது. ட்ரிகரோ வந்தவுடன் உள்ளே நுழையாமல், வாசலில் நின்று இரண்டு மூன்று முறை வெறும் நீரைக் கடித்துவிட்டுத்தான் நுழைந்தது. பகலெல்லாம் பக்கத்தில் மேய்ந்த மீனோடு அதற்குப் பகை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விளக்கு அணைந்த அரை மணி நேரத்தில், படுக்க இடம் தேடிய வேளையில்தான் எல்லாம் நடந்திருக்க வேண்டும்.

மறுமொழி 1

உங்கள் இரவுக் கவனிப்பைப் பாராட்டுகிறேன். ஆனால் பொந்தின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது சரியாகப் படவில்லை. வேறு பொந்து இருந்திருந்தாலும் இன்னும் ஆறு மாதத்தில் இதேதான் நடந்திருக்கும். முழு வளர்ச்சியில் தொட்டியின் நீளத்தில் ஏறக்குறைய பாதியை எட்டக்கூடிய மீனுக்கு 120 சென்டிமீட்டர் தொட்டி என்பது திரும்பி நிற்கவே போதாத அறை. நானும் இதே தவற்றைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

நான் வளர்த்தது பிகாசோ ட்ரிகர். இது 30 சென்டிமீட்டர் வரை வளரும் இனம்; கிளவுன் ட்ரிகரைவிடச் சற்றுப் பொறுமையானது என்று சொல்லப்படுவது. 6 சென்டிமீட்டர் குஞ்சை, புதிதாக அமைத்த தொட்டியில் முதல் மீனாக விட்டேன். அதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. நான்கு மாதம் தனியாக அந்தத் தொட்டி முழுவதையும் தன்னுடையதாக ஆக்கிக்கொண்ட மீனிடம், அதன்பின் எந்த மீனைக் கொண்டுபோய் விட்டாலும் அது திருடன்தான். அதைவிடப் பெரிய டாங் மீன் ஒன்றை விட்டேன். இரண்டு மணி நேரத்தில் டாங் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறகு முறையை மாற்றினேன். ட்ரிகரைப் பிடித்துச் சம்ப்புக்குள் ஒரு தடுப்பில் நான்கு நாள் வைத்து, அதற்குள் பாறைகள் அனைத்தையும் கலைத்து வேறு வடிவில் அடுக்கினேன். டாங்கை முதலில் விட்டு, தொட்டி முழுவதும் சுற்றிப் பழக ஒரு வாரம் கொடுத்தேன். ட்ரிகரைத் திரும்பக் கொண்டுவந்தபோது, துளையிட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து அந்தப் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே 10 நாள் தொங்கவிட்டேன். முதல் மூன்று நாள் அது பெட்டியின் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் டாங் அருகே வந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியின் வெளிப்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிவைக்கும் யோசனையையும் முயன்றேன். ஒரு நாள் தன் நிழலோடு சண்டையிட்டது, மறுநாள் ஏமாற்றம் தெரிந்ததோ என்னவோ, கண்டுகொள்ளவேயில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ட்ரிகரைப் பிடிக்கும்போது வலையைப் பயன்படுத்தாதீர்கள். நிமிர்ந்த முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டால் மீனும் கிழியும், வலையும் கிழியும். பாறைக்குள் பூட்டிக்கொண்டால் இழுக்கவும் கூடாது. அந்தப் பாறையையே நீருக்கடியில் ஒரு வாளிக்குள் நகர்த்தி, மெதுவாகத் தூக்கினால், சிறிது நேரத்தில் அதுவே முள்ளைத் தளர்த்தி வெளியே விழும். எனக்கு அரை மணி ஆயிற்று.

மறுமொழி 2

எல்லா ட்ரிகரும் இப்படியல்ல என்பதற்குச் சான்றாக என் தொட்டியைச் சொல்லலாம். நீலத்தொண்டை ட்ரிகர் ஆணும் பெண்ணும் 800 லிட்டர் பவளத் தொட்டியில் மூன்று ஆண்டாக உள்ளன. திறந்த நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்னும் இனம் என்பதால் பவளத்தையோ மற்ற மீன்களையோ தொட்டதில்லை. ஒரே ஒரு முறை, நான் புதிதாக விட்ட சிறிய இறால் மறுநாள் காணாமற்போனது; அதற்கு அவற்றைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுமொழி 3

இங்கே எல்லாரும் கிளாத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். உருவம் சிறிதாகவே இருந்து மூர்க்கம் பெரிதாக இருக்கும் மீன்களும் உண்டு. நான் வளர்த்தவை மரூன் கிளவுன் மீன்கள், ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர். கிளவுன் மீன் குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்கி, ஓங்கி நிற்கும் ஒன்று மட்டும் பெண்ணாக மாறும் என்பதால், எந்த இரண்டை வாங்கினாலும் இணையாகிவிடும் என்று எளிதாக எண்ணினேன்.

ஒசெல்லாரிஸில் அந்த எண்ணம் பெரும்பாலும் பலிக்கும். மரூனில், ஒரே அளவுள்ள இரண்டை விட்டதுதான் வினையாயிற்று. எது ஓங்குவது என்பது முடிவாகாத இரண்டு குஞ்சுகள் ஆறு நாள் ஒன்றையொன்று கன்னத்து முள்ளால் கிழித்தன. (முதல் மறுமொழியில் சொன்ன ட்ரிகரின் முள்போல, இந்த முள்ளும் வலையில் மாட்டும்.) ஆறாம் நாள் ஒன்று பவர்ஹெட்டின் (நீரோட்டம் தரும் பம்ப்) பின்னால் மறைந்தது, எட்டாம் நாள் இறந்தது. பிழைத்ததைத் தனியே ஓராண்டு வளர்த்தேன். அது 9 சென்டிமீட்டர் ஆனபின், 3 சென்டிமீட்டர் குஞ்சு ஒன்றைத் துளைப்பெட்டியில் இரண்டு வாரம் வைத்துக் காட்டினேன். பெரியது அருகே வரும்போதெல்லாம் குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுக்கிக் காட்டத் தொடங்கிய பிறகே திறந்துவிட்டேன். பணிந்தேன் என்று ஒரு மீன் சொல்லும் முறை அது. இன்றுவரை அவை ஒரே அனிமோனில் (கிளவுன் மீன்கள் தங்கும் கடல் சாமந்தி) உள்ளன.

பொந்தா, தொட்டியின் அளவா என்ற உங்கள் வாதத்தில் என் பக்கம் பொந்துக்காரர் பக்கம்தான். என் பெண் மரூன் அனிமோனிலிருந்து இரண்டு சாண் தள்ளி வரும் எதையும் சட்டைசெய்யாது. அதற்குள் வந்தால் என் கையையும் விடாது. காக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் கடிபடுவோம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

தொடக்கப் பகிர்வாளரின் மறுமொழி

முதல் நண்பர் சொன்னதை மறுக்கவில்லை. அளவுதான் அடிப்படை, என் தொட்டி இந்த மீனுக்கு எந்நாளும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 240 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு தொட்டிக்கு வேலை தொடங்கியிருக்கிறேன். அது முடியாமற்போனால், அத்தகைய தொட்டி வைத்திருப்பவரிடம் ட்ரிகரைக் கொடுத்துவிடுவதாக வீட்டாரிடம் வாக்களித்துள்ளேன். ஆனால் அந்தத் தொட்டி வரும்வரையுள்ள மாதங்களை எப்படிக் கடத்துவது என்பதே என் கேள்வியாக இருந்தது. அதற்கு விடை பொந்தில்தான் கிடைத்தது.

கிளவுன் மீன்களையும் குரோமிஸ்களையும் எடுத்துவிட்டேன். இப்போது ட்ரிகர் தனியாக இருக்கிறது. ஓட்டோடு நறுக்கிய இறாலும் சிப்பிச் சதையும் கொடுப்பதால் நைட்ரேட் ஏறுகிறது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைச் சற்றுப் பெரியதாக மாற்றியும், வாரந்தோறும் 15 விழுக்காடு நீர் மாற்ற வேண்டியிருக்கிறது. ஓரா தனித்தொட்டியில் உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி என்ற நிலையில் ஒரு கண்ணோடு தேறிவருகிறது. வால் துடுப்பு வளர்ந்துவிட்டது. குருட்டுப் பக்கத்தில் போடும் பாசித் தாளைக் கண்டுபிடிக்க முதலில் திணறியது. இப்போது ஒரு வட்டம் சுற்றிவந்து எடுக்கிறது.

பழைய பொந்தின் அருகே, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் பாறைகளுக்கிடையே செருகி, மேலே சிறு பாறை வைத்து மறைத்தேன். ஒன்பது இரவு அதை மோந்து பார்ப்பதோடு சரி. ஒருமுறை குழாயின் விளிம்பைக் கடித்துப் பார்த்ததில் வெண்மையான கீறல் விழுந்தது. நேற்றிரவு விளக்கு அணைந்து இருபது நிமிடம் கழித்துப் பின்பக்கமாக உள்ளே போய், ஒருபுறம் சாய்ந்து படுத்து, முள்ளை நிமிர்த்திக் குழாயின் கூரையில் ஊன்றிக்கொண்டது.