புதுப்பிப்பு: ஏர் ரைஃபிள் ஸ்கோப் நழுவியதுதான் காரணம்

காரைக்குடி வீட்டுப் பின்கட்டுத் தோட்டத்தில் மணல்மூட்டை அடுக்கி, காற்றுத் துப்பாக்கியால் 20 மீட்டரில் காகித இலக்கைச் சுடுகிறேன், சுடச் சுடக் குண்டு விழும் இடம் மாறுகிறதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

என்னுடையது ஸ்பிரிங் விசையில் சுடும் ரைஃபிள்; அது பின்னால் உதைத்த கையோடு முன்னாலும் உதறும். அந்த முன் உதறலில், ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்ட் பின்னோக்கி நழுவியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் மவுண்ட் உட்காரும் காடியில் பளபளவென்று 2 மில்லிமீட்டர் புதுக் கீறல்! நழுவாமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட் வாங்கி, அந்தப் பின்னைத் துப்பாக்கியிலுள்ள துளையில் இறக்கி, திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

ஸ்கோப்பும் ஸ்பிரிங் ரைஃபிளுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். மற்றது இந்த இரட்டை உதையில் உள்ளே உடைந்துவிடலாம்.

அப்புறம் லென்ஸ். வேட்டி நுனியால் துடைக்கவே கூடாது. நம்ம ஊர்ச் செம்மண் தூசி கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ப்ளோயரால் (அமுக்கினால் காற்று வரும் ரப்பர் பந்து) ஊதிவிடுங்கள்.

நேற்று 10 குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன.