க்யூபிட் ட்வின் வெர்ஷன்: ரெண்டு பேர் கவர் பாட எந்த டிராக், எந்த ஸ்ருதி?

மொட்டைமாடிக்குரல்:

கொரியப் பெண்கள் குழு ஃபிஃப்டி ஃபிஃப்டியோட க்யூபிட் பாட்டை நானும் தங்கச்சியும் கவர் பண்றோம் (நாங்களே பாடிப் பதிவு பண்றோம்). கொரிய வடிவம் இல்லை, முழுக்க ஆங்கிலத்துல இருக்கிற ட்வின் வெர்ஷன். யூடியூப்ல கேட்டு மனப்பாடம் பண்ணின ஸ்ருதிக்கும் கரோக்கிக்கும் சேரவே மாட்டேங்குது, கரோக்கி மெதுவாவும் போகுது. எது சரி? கோரஸ் மேல ஏறும்போது ரெண்டு பேருக்குமே கத்தலா வருது. ஸ்ருதியை இறக்கினா போதுமா? வரிகளை எப்படிப் பிரிக்கலாம்? கையில இருக்கிறது யூஎஸ்பி கண்டென்சர் மைக் ஒண்ணு, லேப்டாப், ஆடாசிட்டி (ஒலி எடிட் பண்ற சாஃப்ட்வேர்), ப்ளூடூத் ஹெட்செட். யூடியூப்ல ஏத்தினா காப்பிரைட் வருமா?

ஹான்குல்_கண்மணி:

முதல்ல எந்தப் பதிவுன்னு உறுதி பண்ணுங்க. 2023 பிப்ரவரி 24 அன்னிக்கு வந்த சிங்கிள் ஆல்பத்துலயே கொரிய வடிவம், ட்வின் வெர்ஷன், இன்ஸ்ட்ருமென்டல் மூணும் இருக்கு. அப்போ குழுவுல நாலு பேர்: கீனா, சேனா, சியோ, ஆரன். ட்வின்ல கேட்கிறது ஆரன், சியோ ரெண்டு பேர் குரல் மட்டும்தான். ராப் கிடையாது, கொரிய வடிவத்துல ராப் வர்ற இடத்துல இதுல பாட்டு வரி இருக்கும். அதனால "க்யூபிட் கரோக்கி"ன்னு தேடி முதல்ல வர்றதை எடுத்துடாதீங்க. அதுல நிறைய கொரிய வடிவத்தோடது. கோரஸ்ல ரெண்டு வடிவத்துலயும் ஆங்கிலம் நிறைய இருக்கிறதால கோரஸை மட்டும் கேட்டா வித்தியாசம் சட்டுனு பிடிபடாது, சரணத்துலதான் மாட்டுவீங்க.

வரி பிரிக்க லைவ் வீடியோவையும் நம்ப வேண்டாம். 2023 கடைசிக்குள்ள கீனா தவிர மத்த மூணு பேரும் குழுவை விட்டுப் போயாச்சு. 2024-ல வந்தது புது ஐவர் அணி. ஆதாரம் 2023 ஸ்டூடியோ பதிவுதான். அமெரிக்க ஹாட் 100 பாட்டுப் பட்டியல்ல 100-ஆவது இடத்துல நுழைஞ்சு 17 வரைக்கும் போன பாட்டு, அதனால ஆளாளுக்கு வேகத்தை மாத்தி ஏத்தின பிரதிகள் குவிஞ்சு கிடக்கு. உங்க முதல் சிக்கல் அங்கதான் இருக்கும்னு தோணுது.

ஏழாம்டிராக்:

கண்மணி சொன்னதுதான். நீங்கள் கற்றது "ஸ்பெட் அப்" (வேகம் கூட்டிய) பிரதியாக இருக்கும். வீடியோவின் நீளத்தைப் பாருங்கள். அசல் 2 நிமிடம் 54 வினாடி, வேகம் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு). 2:25-க்குப் பக்கத்தில் முடிந்தால் அது 1.2 மடங்கு, அதாவது 144 பிபிஎம்.

இப்படி ஓட்டும்போது டேப்பை வேகமாகச் சுற்றியதுபோல ஸ்ருதியும் கூடவே ஏறும். 5.95 சதவீதத்துக்கு ஒரு செமிடோன் (கீபோர்டில் கறுப்பு வெள்ளை சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) என்று கணக்கு. 1.2 மடங்கு என்றால் 3.16 செமிடோன், 1.15 மடங்கு என்றால் 2.42. இந்தப் பின்னம்தான் வம்பு. கீபோர்டில் எந்தக் கட்டையை வைத்தாலும் அந்தப் பிரதியோடு சேராது, ஏனென்றால் அது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கிறது. யூடியூபின் சொந்த வேகப் பொத்தான் அப்படி அல்ல, அது ஸ்ருதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, அசல் ட்வின் பதிவை 0.75-ல் ஓட்டிப் பழகுவதில் தவறில்லை. ஸ்பெட் அப் பிரதியை 0.75-ல் ஓட்டினாலும் ஸ்ருதி மேலேயேதான் இருக்கும்.

ஸ்ருதி இறக்க: ஆடாசிட்டியில் "சேஞ்ச் பிட்ச்" எடுங்கள். வேகமும் சேர்ந்து மாறும் எஃபெக்ட் வேறு, அதைத் தொடாதீர்கள். 2 செமிடோன் வரை இறக்கினால் காதுக்கு உறுத்தாது. 3-ஐத் தாண்டினால் டிரம் சத்தம் தொளதொளவென்று ஆகிவிடும். அப்போது டிரம்மைத் தனி டிராக்காகப் பிரித்து அதை அப்படியே விட்டு, மற்றதை மட்டும் இறக்குங்கள். நீங்கள் 1 கட்டை, 2 கட்டை என்று ஸ்ருதியைக் கட்டைக் கணக்கில் யோசிப்பவர் என்றால் ஒன்று: அரைக் கட்டை ஒரு செமிடோன்தான், ஆனால் 3 கட்டையிலிருந்து 4-க்கும், 7-லிருந்து மேல் 1-க்கும் ஒரு முழுக் கட்டை ஏறினாலும் ஒரே செமிடோன்தான். பலர் தடுக்கி விழும் இடம் அது.

ப்ளூடூத் ஹெட்செட்டை ஒதுக்கிவிட்டு 200 ரூபாய் ஒயர் இயர்போன் வாங்குங்கள். ப்ளூடூத்தில் ஒலி உங்கள் காதுக்கு வந்து சேரவே 150 முதல் 250 மில்லி வினாடி ஆகலாம். 120 பிபிஎம்மில் ஒரு தட்டு 500 மில்லி வினாடி; தாமதம் அதில் பாதி வரை போகலாம். எவ்வளவு தாளக் கட்டு உள்ளவர் பாடினாலும் பதிவில் பிந்தித்தான் விழும். அப்புறம் ஒவ்வொரு டேக்கையும் (ஒரு தடவை பாடிய பதிவையும்) கையால் நகர்த்திக்கொண்டு உட்கார வேண்டும்.

ஆலாபனை:

ஸ்ருதி இறக்கினா மட்டும் கத்தல் போகாதும்மா. அந்தக் கோரஸ் லேசான ஹெட் வாய்ஸ்ல (தலையில அதிர்ற மெல்லிசான மேல் குரல்ல), மூச்சுக் கலந்து பாடினது. நெஞ்சுக் குரலை மேல தள்ளிக்கிட்டே போனா 2 செமிடோன் இறக்கினாலும் கடைசி உச்சியில கத்தத்தான் செய்யும். சத்தத்தைப் பாதியாக் குறைச்சு, "ஊ" மட்டும் வச்சுக் கோரஸ் மெட்டை முழுசாப் பாடுங்க. குரல் உடையாம வந்தப்புறம் வார்த்தையைச் சேருங்க. அப்பவும் எட்டலைன்னா இறக்கலாம்.

மூச்சுக் கலந்து பாடினா காத்து சீக்கிரம் தீரும். நாலு பார் (ஒரு பார் நாலு தட்டு) வாக்கியம் 8 வினாடி; அதை ஒரே மூச்சுல இழுக்காம ரெண்டு பாருக்கு ஒரு தடவை குட்டியா எடுங்க. மூச்சுச் சத்தம் பதிவானா பரவாயில்லை, இந்த மாதிரிப் பாட்டுல அது இருக்கணும். மைக்கை 6-8 செ.மீ. தூரத்துல, கொஞ்சம் பக்கவாட்டா வச்சு பாப் ஃபில்டர் (காத்து மைக்குல மோதாமத் தடுக்கிற திரை) போடுங்க. கர்நாடக சங்கீதம் கத்தவங்கன்னா நீண்ட ஸ்வரத்துல குரல் தானா கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைக்கிறதுக்கு) போகும். இங்க ஸ்வரம் நேரா நிக்கணும்.

உச்சரிப்பு. கோரஸோட கொக்கியே 'க்யூபிட்', 'ஸ்டூபிட்' எதுகைதான். நம்ம நாக்கு கடைசி மெய்க்குப் பின்னாடி ஒரு குட்டி உகரத்தை ஒட்டிடும், 'க்யூபிடு'ன்னு. தாளத்துல அது ஒரு கூடுதல் அசையா விழுந்து வாக்கியத்தோட வாலே கெட்டுப்போகும். நாக்கை மேல வச்சு நிறுத்திடுங்க, விடுவிக்காதீங்க. இன்னொண்ணு, அமெரிக்க உச்சரிப்புல முதல் சொல்லுல 'க்யூ' உண்டு, ரெண்டாவதுல 'ஸ்ட்யூ' இல்லை, வெறும் 'ஸ்டூ'. முன்னாடி 'இ' சேர்த்து 'இஸ்டூ' ஆகாமப் பாத்துக்குங்க. 'லவ்'ல மேல் பல்லு கீழ் உதட்டைத் தொடணும்.

பிரிக்கிற விஷயம்: கோரஸை ரெண்டு பேரும் ஒரே ஸ்வரத்துல சேர்ந்து பாடாதீங்க. ரெண்டு மூச்சுக் குரல் ஒண்ணா விழுந்தா குரூப் பாட்டு மாதிரி ஆயிடும், நெருக்கம் போயிடும். லேசான குரல் யாருக்கோ அவங்க கோரஸ் லீட் (முக்கியக் குரல்). மத்தவங்க சரணம் பாடிட்டு, கோரஸ்ல வாக்கியம் முடியிற சொல்லுக்கு மட்டும் லீட் பாடுற ஸ்வரத்தையும் சேத்து எண்ணி மூணாவதா கீழ இருக்கிற ஸ்வரத்துல ஹார்மனி (துணைக் குரல்) கொடுத்தாப் போதும்.

மொட்டைமாடிக்குரல்:

நீளம் பார்த்தேன், 2:31. அப்போ 1.15 மடங்கா? ஹார்மனி சத்தம் எவ்வளவு வைக்கிறது?

ஏழாம்டிராக்:

ஆமாம், 138 பிபிஎம். அந்தப் பிரதியை மறந்துவிடுங்கள். லீட் நடுவில். லீட் பாடியவரே கோரஸை இன்னும் இரண்டு முறை பாடி, இடம் வலமாக 70 சதவீதம் தள்ளி, லீடைவிட 10-12 டெசிபெல் கீழே வையுங்கள். முதல் டேக்கையே நகல் எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அகலம் வராது. சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது. ஹார்மனி 8 டெசிபெல் கீழே தொடங்கிக் காதால் முடிவு செய்யுங்கள். எல்லாக் குரல் டிராக்கிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுங்கள். இப்படிக் கூடுதலாகப் பாடிய டேக்குகள் சேரும்போது 'ஸ்' ஒலி மூன்று மூன்றாகத் தெறிக்கும், அந்த இடங்களில் லீடின் 'ஸ்'-ஐ மட்டும் விட்டு மற்றதை அமர்த்துங்கள்.

சட்டப்புள்ளி:

யூடியூபில் இரண்டு உரிமைகள் தனித்தனி. ஒன்று பாட்டு (மெட்டும் வரியும்), மற்றொன்று ஒலிப்பதிவு. ஆல்பத்தில் உள்ள இன்ஸ்ட்ருமென்டலைப் பின்னணியாகப் போட்டால் இரண்டுக்கும் கன்டென்ட் ஐடி (யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனை) கிளெய்ம், அதாவது உரிமைக் கோரிக்கை, வரலாம். நீங்களே வாசித்த பின்னணி என்றால் பாட்டுக்கு மட்டும். கிளெய்ம் என்பது ஸ்ட்ரைக் (சேனலுக்கு விழும் தண்டனைக் குறி) அல்ல. பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். ஆனால் முடக்குவதா விடுவதா என்பது அவர்கள் விருப்பம். முதலில் பிரைவேட்டாக ஏற்றி, யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் சோதனை முடிவு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பப்ளிக் ஆக்குங்கள்.

ஆடியோவாக ஸ்ட்ரீமிங் தளங்களில் விட நினைத்தால் கதை வேறு. "கவர் வெர்ஷனுக்கு இந்தியச் சட்டத்தில் இடம் உண்டு" என்பார்கள். காப்பிரைட் சட்டத்தின் 31சி பிரிவில் உண்டுதான், ஆனால் முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழியவேண்டும். 2023 பாட்டுக்கு அது 2029 ஜனவரி 1. அதோடு முன்னறிவிப்பு, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி எல்லாம் சேரும். வீட்டுக் கவருக்கு இது ஒத்துவராது. பாட்டின் பதிப்பாளரிடம் உரிமம் வாங்கித் தரும் விநியோகஸ்தர் வழியாகப் போவதுதான் நடைமுறை. நடுவில் தமிழ் வரி சேர்க்கும் எண்ணம் இருந்தால், அது கவர் அல்ல, தழுவல். அதற்கு நேரடி அனுமதி வேண்டும்.