புண் ஆறுகிறது, அளவு மட்டும் கூடுகிறது. ஏன்?

பாம்பன்காற்று:
அப்பாவின் காலில் புண். போன வாரம் 2.4 × 1.8. இன்று 2.8 × 2.1. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நாளை மறுநாள் ராமநாதபுரத்தில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவசரம்.

மண்டபம்செவிலி:
காலில் எங்கே? சர்க்கரை உண்டா? இரண்டு முறையும் ஒரே ஆளா அளந்தது? கழுவும் முன்பா, பின்பா?

தொண்டியான்:
திருக்கை மீன் முள்ளாக இருக்கும். முறிந்து உள்ளே கிடக்கிறது. முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

தேவிபட்டினம்60:
சென்டிமீட்டரா, அங்குலமா என்றுகூட எழுதவில்லை. இதையெல்லாம் இங்கே முன்பே விளக்கியிருக்கிறேன். தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

பாம்பன்காற்று:
சென்டிமீட்டர். சர்க்கரை உண்டு. உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே. பாறை வெட்டியது, முள் இல்லை. போன வாரம் தங்கை அளந்தாள், இன்று நான். நேற்று கட்டு மாற்றும்போது ஓரத்தில் தடித்திருந்த தோலைச் சீவி எடுத்தார்கள்.

மண்டபம்செவிலி:
இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும், தம்பி! தடித்த தோலுக்கு அடியில் ஒளிந்திருந்த புண் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இன்றைய அளவையே தொடக்கமாக வையுங்கள். இனி ஒரே ஆள், கழுவிய பிறகு, கால் ஒரே நிலையில். குதிகால் 12 மணி, விரல்கள் 6 மணி என்று வைத்து அந்த வாக்கில் நீளம். அதற்குச் செங்குத்தாக அகலம். வெறுமனே பெருக்கினால் பரப்பு கூடுதலாக வரும். முட்டை வடிவப் புண்ணுக்கு மேலும் 0.785 ஆல் பெருக்குங்கள். உங்களுடையது ஏறத்தாழ 4.6 சதுர செ.மீ. நான்கு வாரத்தில் இது பாதியாகவில்லை என்றால் சிகிச்சையை மாற்ற யோசிப்பார்கள். ஆழம் பார்க்கிறேன் என்று நீங்கள் புண்ணுக்குள் குச்சியை விடாதீர்கள்.

கீழக்கரைவாசி:
படமும் எடுத்து வையுங்கள். ஸ்கேல் புண்ணின் மட்டத்திலேயே இருக்கட்டும். கேமரா பக்கம் தூக்கிப் பிடித்தால் புண் சிறிதாகக் காட்டும்.

தொண்டியான்:
அளந்து என்ன பயன்? கருவாட்டை நிறுத்துங்கள். கருவாடு தின்றால் புண் ஆறாது.

கீழக்கரைவாசி:
கருவாட்டுக்கும் புண்ணுக்கும் என்ன பகை? சதை வளரப் புரதம் வேண்டாமா?

தொண்டியான்:
அப்படியானால் எங்கள் அப்பத்தா சொன்னது பொய்யா?

தேவிபட்டினம்60:
அதிலுள்ள உப்பு ரத்த அழுத்தத்துக்குத்தான் கெடுதல். இதையும் முன்பே எழுதியிருக்கிறேன்.

தொண்டியான்:
உப்பு நல்லதுதான். கடல் தண்ணீரில் கழுவினால் புண் சுருங்கும்.

மண்டபம்செவிலி:
அண்ணா, தயவுசெய்து வேண்டாம். கடல்நீரில் விப்ரியோ கிருமி உண்டு. சர்க்கரைக்காரர் புண்ணில் ஏறினால் காலுக்கே ஆபத்து.

பாம்பன்காற்று:
காட்டிவிட்டோம். 2.7 × 2.1 என்று எழுதிக்கொண்டார். பாதத்தில் பாரம் விழாதபடி தனிச் செருப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். நன்றி.

தொண்டியான்:
கருவாடு பற்றிக் கேட்டீர்களா?