ரிஃப்ளக்ஸ்: ஆய்வகம், ஆலை, மருத்துவமனை எல்லாவற்றிலும் ஒரே விஷயமா?

துலாக்கோல் (கேள்வி)

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான கையேடு ஒன்றுக்காக இதைத் திரட்டுகிறேன். வேதியியல் செய்முறை ஏட்டில் "45 நிமிடம் ரிஃப்ளக்ஸ் செய்யவும்" என்று இருக்கிறது. காய்ச்சி வடிக்கும் கோபுரத்தில் "ரிஃப்ளக்ஸ் விகிதம் 3" என்கிறார்கள். கால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் "ரிஃப்ளக்ஸ் 2 விநாடி" என்று வருகிறது. வயிற்று அமிலம் மேலே ஏறுவதற்கும் அதே சொல். எலெக்ட்ரானிக்ஸ் போர்டில் ஈயம் வைப்பவர்களும் இதைச் சொல்வதாகக் கேள்வி.

"திரும்பி வருதல்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? ஒவ்வொரு துறையிலும் அது நடக்க வேண்டியதா, நடக்கக் கூடாததா? எதை அளக்கிறார்கள், எங்கே பிசகுகிறது? அந்தந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

வட்ட அடிக்குடுவை

ஆய்வகத்தில் இது நாமே வேண்டுமென்று செய்வது. கரிம வினைகள் பல மெதுவானவை, சூடு வேண்டும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் கரைப்பான் போய்விடும், மூடிக் கொதிக்கவிட்டால் வெடிக்கும். அதனால் குடுவையின் மேல் கண்டன்சரை நேராக நிறுத்துகிறோம். ஆவி ஏறும், குளிர்ந்து சொட்டும், குடுவைக்கே திரும்பும். கொதிநிலையிலேயே மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் அளவு குறையாது.

எத்தில் பென்சோயேட்டிலிருந்து பென்சாயிக் அமிலம் தயாரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி. எஸ்டருடன் 10% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 50 மி.லி. சேர்க்க வேண்டும். குடுவையில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு மூன்று பீங்கான் துண்டுகளைப் போட்ட பிறகுதான் சூடாக்கத் தொடங்க வேண்டும். சூடான திரவத்தில் துண்டைப் போட்டால் ஒரே நொடியில் பொங்கி கண்டன்சர் வழியாக வெளியே பாயும். மறந்திருந்தால் அடுப்பை அணைத்து, நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள். காரம் இருப்பதால் கண்ணாடி இணைப்பில் மெல்லியதாக கிரீஸ் தடவுவது அவசியம், இல்லையென்றால் இணைப்பு இறுகி, கழற்றும்போது உடையும்.

தண்ணீர் கண்டன்சரின் கீழ்க் குழாயில் உள்ளே போய் மேல் குழாயில் வெளியேற வேண்டும். மாற்றிக் கொடுத்தால் தண்ணீர் ஓடும் வெளிஉறை நிரம்பாது. கண்டன்சரின் மேல்வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது. ஈரம் புகக்கூடாத வினை என்றால் கால்சியம் குளோரைடு குழாயைப் பொருத்தலாம், அதிலும் காற்று போய்வர வழி இருக்கும்.

எவ்வளவு சூடு என்பதை ஆவி ஏறும் உயரம் சொல்லும். கண்டன்சரின் சுவரில் ஈரம் வளையமாகத் தெரியும், அது கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் சூட்டைக் குறையுங்கள். தீயைக் கூட்டினால் வினை வேகமாகும் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. கொதிக்கும் திரவத்தின் வெப்பநிலை கூடாது, ஆவிதான் கூடும். மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் மறைந்து கரைசல் தெளிவானால் வினை முடிந்தது. ஏட்டில் போட்ட நேரத்தைவிட இதை நம்புங்கள். ஆறிய பின் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பென்சாயிக் அமிலம் வெள்ளையாக விழும். உருகுநிலை 122 டிகிரி செல்சியஸ்.

கோபுரம்_ஷிப்ட்

மேலே சொன்னதில் எதையும் வெளியே எடுப்பதில்லை. ஆலையில் எடுப்போம், அதனால்தான் விகிதம் என்ற பேச்சு வருகிறது. கோபுர உச்சியிலிருந்து வரும் ஆவி முழுவதையும் குளிர்வித்து டிரம்மில் சேர்க்கிறோம். ஒரு பங்கு சரக்காக வெளியே போகும், மீதியைப் பம்பு வைத்து, கோபுரத்துக்குள் அடுக்கியிருக்கும் துளைத்தட்டுகளில் மேல்தட்டுக்கே திருப்பி விடுகிறோம். திருப்பி விட்டதைச் சரக்கால் வகுத்தால் ரிஃப்ளக்ஸ் விகிதம். மணிக்கு 100 கிலோமோல் சரக்கு, விகிதம் 3 என்றால், 300 திரும்புகிறது, உச்சியில் 400 ஆவி ஏறியாக வேண்டும். விகிதத்தை 4 ஆக்கினால் ஆவி 500. கண்டன்சருக்கும், கோபுர அடியில் திரவத்தைக் கொதிக்க வைக்கும் ரீபாய்லருக்கும் 25% கூடுதல் வேலை. நீராவிச் செலவு முழுக்க இதில்தான் இருக்கிறது.

எதற்காகத் திருப்ப வேண்டும்? மேலேறும் ஆவியில் தப்பி வரும் கனமான பொருளை, கீழிறங்கும் திரவம் தட்டுதட்டாகப் பிடித்து இறக்குகிறது. திரவம் இறங்காத கோபுரம் வெறும் குழாய்.

பென்சீன்–டொலுயீன் சமபங்கு கலவை, கொதிநிலைத் திரவமாக வருகிறது, உச்சியில் 95% பென்சீன், அடியில் 95% டொலுயீன் வேண்டும் என்று வைப்போம். ஆவியாகும் திறன்களின் விகிதம் சுமார் 2.5. கணக்குப் போட்டால் குறைந்தபட்ச ரிஃப்ளக்ஸ் 1.1 வரும். அந்த விகிதத்தில் ஓட்ட எண்ணற்ற தட்டுகள் வேண்டும், அதாவது ஓட்ட முடியாது. மறுகோடி, சரக்கே எடுக்காமல் எல்லாவற்றையும் திருப்புவது. அப்போது ரீபாய்லரையும் சேர்த்து 6.4 சமநிலைப் படிகள் (ஆவியும் திரவமும் முழுச் சமநிலைக்கு வரும் கற்பனைத் தட்டுகள்) போதும், ஆனால் சரக்கு பூஜ்யம். வழக்கமாகக் குறைந்தபட்சத்தைப் போல 1.2 முதல் 1.5 மடங்கில் வடிவமைப்பார்கள், இங்கே 1.3 முதல் 1.65 வரை. தட்டுகளை எண்ண உதவும் மெக்கேப்–தீல் வரைபடத்தை (1925) கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். கையேட்டில் கட்டாயம் சேருங்கள்.

கோபுரத்தைத் தொடங்கும்போது முதலில் முழு ரிஃப்ளக்ஸ்தான். டிரம்மில் மட்டம் நின்று, தட்டு வெப்பநிலைகள் நிலைத்த பிறகே சரக்கு வால்வை மெல்லத் திறக்க வேண்டும்.

துலாக்கோல்

மிக்க நன்றி இருவருக்கும். கோபுரம்_ஷிப்ட் ஐயா, ஒரு சந்தேகம். ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் தூய்மை கூடும் என்றால், கூட்டியும் தூய்மை இறங்குகிறது என்று சில இடங்களில் படிக்கிறேனே, அது எப்படி?

கோபுரம்_ஷிப்ட்

அது வெள்ளம், நாங்கள் ஃப்ளடிங் என்போம். ஆவி வேகம் ஒரு அளவைத் தாண்டினால் இறங்க வேண்டிய திரவத்தை அது தாங்கிப் பிடித்துவிடும். தட்டுகளில் திரவம் சேர்ந்து மேல்தட்டு வரை ஏறும், கனமான பொருளும் உச்சிக்குப் போகும். முதல் அடையாளம் கோபுரத்தின் அழுத்த வேறுபாடு திடுமென ஏறுவது. திரவம் உள்ளேயே தங்குவதால் கோபுர அடிமட்டம் குறையும். இந்த நேரத்தில் தூய்மை போதவில்லை என்று ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். முதலில் ரீபாய்லர் நீராவியைக் குறைக்க வேண்டும், தேவையானால் கோபுரத்துக்குள் வரும் கலவையின் வரத்தையும். அழுத்த வேறுபாடு இறங்கிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

நேர்மாறாக ஆவி மிகக் குறைந்தாலும் தொல்லைதான். தட்டுத் துளைகள் வழியே திரவம் ஒழுகும், தட்டு இருந்தும் பயனில்லை.

இன்னொன்று, மீட்டரில் தெரியாதது. ரிஃப்ளக்ஸ் திரவம் கொதிநிலைக்குக் கீழே எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது. பென்சீன் 20 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்து வந்தால், தன்னைச் சூடாக்கிக்கொள்ள மேல்தட்டில் ஆவியைக் குளிர்விக்கும். கோபுரத்துக்குள் இறங்கும் திரவம் சுமார் 9% கூடிவிடும், மீட்டர் பழைய எண்ணையே காட்டும். விசிறிக் குளிர்விப்பான் மேல் திடீர் மழை அடிக்கும்போது இதுதான் நடக்கிறது. கூடவே அழுத்தமும் இறங்கும், ஆவியின் கன அளவு பெருகும். ஏற்கெனவே எல்லையில் ஓடும் கோபுரம் அத்துடன் வெள்ளமாகிவிடும்.

மரு_குறிப்பு

உடலில் இந்தச் சொல் வந்தால் அநேகமாக ஒரே அர்த்தம்: ஒருவழிப் பாதையைக் காக்கும் வால்வு சரியாக மூடவில்லை. மேலே இருவர் சொன்னது வேண்டி நடத்துவது, இது வேண்டாமல் நடப்பது. கையேட்டில் இந்தப் பிரிவைத் தெளிவாகக் காட்டுங்கள்.

உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத்தசை தேவையில்லாத நேரத்தில் தளர்ந்தால் வயிற்றில் உள்ளது எதுக்களிக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் எப்போதாவது வருவது எல்லோருக்கும் உண்டு. எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து 24 மணி நேரம் அளப்பார்கள். உணவுக்குழாயில் பிஎச் 4-க்குக் கீழே இருந்த நேரம் 4 சதவீதத்துக்குள் என்றால் இயல்பு, 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய், இடைப்பட்டது ஐயத்துக்குரியது. ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் வகை மாத்திரைகள் எதுக்களிப்பை நிறுத்துவதில்லை, வருவதன் அமிலத்தைக் குறைக்கின்றன. சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட்டால்தான் முழுப்பலன், ஏனென்றால் உணவு தூண்டும்போது வேலை செய்யும் அமிலச் சுரப்பு அமைப்புகளைத்தான் அவை அடைக்கின்றன. சாப்பிட்ட பின் போட்டுவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்பவர்கள் நிறைய.

இரவில் தொல்லை என்றால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் 15–20 செ.மீ. உயரக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிற்றில் அழுத்தம் கூடும், பலன் தலைகீழாகும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விடுவது நல்லது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். விழுங்கச் சிரமம், எடை குறைதல், கறுப்பு மலம், ரத்த வாந்தி இருந்தால் மாத்திரையோடு நிற்காமல் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். வியர்வையோடு, கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சுவலியை "கேஸ்" என்று வீட்டில் வைத்திருக்கவே கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கால் ஸ்கேனில் வருவது சிரையைப் பற்றியது, பேச்சில் நரம்பு என்கிறோம். நோயாளியை நிற்க வைத்து, கெண்டைக்கால் தசையை அமுக்கி விட்டு, ரத்தம் எவ்வளவு நேரம் கீழே பாய்கிறது என்று டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பார்கள். தோலுக்கடியில் ஓடும் சிரைகளில் 0.5 விநாடிக்கு மேல், தொடையிலும் முழங்காலின் பின்னும் உள்ள ஆழ்சிரைகளில் 1 விநாடிக்கு மேல் என்றால் வால்வு கெட்டிருக்கிறது. படுக்க வைத்து எடுத்த அளவை நம்பிச் சிகிச்சை முடிவெடுக்க வேண்டாம்.

குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகம் நோக்கி ஏறுவது மூன்றாவது. 1 முதல் 5 வரை நிலைகள் உண்டு. முதல் நிலையில் சிறுநீர்க்குழாய் வரை மட்டும், ஐந்தாவதில் குழாய் பெரிதாக வீங்கி வளைந்து நெளிந்திருக்கும். கீழ்நிலைகள் குழந்தை வளர வளரத் தானாகச் சரியாவது அதிகம். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் குழந்தை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

ஈயப்பற்று

எலெக்ட்ரானிக்ஸில் சொல்வது ரிஃப்ளக்ஸ் அல்ல, ரிஃப்ளோ. பசையாகத் தடவிய ஈயத்தை மறுபடி உருக்கி ஓடவிடுவது. பற்றுவைப்பதை எல்லாம் பேச்சில் ஈயம் என்கிறோம்; உண்மையில் ஈயமில்லாத எஸ்ஏசி305 (வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை) சுமார் 217 டிகிரியில் உருகத் தொடங்கும், உச்சம் 235–250 டிகிரி, பழைய 63/37 வெள்ளீய–ஈயக்கலவை 183 டிகிரி. ஃப்ளக்ஸ் என்பது அந்தப் பசையில் இருக்கும், ஆக்சைடை நீக்கும் பொருள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதால் குழப்பம். கையேட்டிலிருந்து இதை எடுத்துவிடுங்கள்.

படிவுப்பாறை

நிலவியலையும் சேருங்கள். ஆடம்ஸ், ரோட்ஸ் இருவரும் 1960-இல் மேற்கு டெக்சாஸின் பெர்மியன் காலப் பாறைகளை வைத்து முன்வைத்த விளக்கம் இது. ஆழமில்லாத உப்பங்கழியில் கடல்நீர் காய்ந்து கனமாகிறது. ஜிப்சம் படியும்போது கால்சியம் குறைந்து மக்னீசியத்தின் பங்கு ஏறுகிறது. அந்தக் கனமான உப்புநீர் தரை வழியே கசிந்து கடல் பக்கமே திரும்பி இறங்குகிறது, வழியில் சுண்ணாம்புப் பாறையை டோலமைட்டாக்குகிறது, அதாவது மக்னீசியம் கலந்த பாறையாக மாற்றுகிறது. இங்கே வால்வும் இல்லை, பம்பும் இல்லை. எடை வேறுபாடுதான் ஓட்டுகிறது.

அழுத்தநீர்

கோபுரம்_ஷிப்ட் சொன்ன வெள்ள எல்லை அணு உலைப் பாதுகாப்பிலும் வருகிறது. அழுத்த நீர் உலையில் சிறு உடைப்பு ஏற்பட்டுப் பம்புகள் நின்றுவிட்டால், உலை மையத்தில் எழும் நீராவி சூடான குழாய் வழியே நீராவி ஆக்கியின் தலைகீழ் யு குழாய்களில் ஏறிக் குளிர்ந்து, ஒரு பகுதி அதே குழாய் வழியாக உலைக்கே இறங்கும். இதை ரிஃப்ளக்ஸ் ஒடுக்கம் என்பார்கள். பம்பு இல்லாமல் வெப்பத்தை வெளியேற்றும் வழி. நீராவி வேகம் கூடினால் இறங்கும் நீர் நடுவிலேயே தடைபடும், கோபுரத்தில் நடப்பதேதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலை நீரில் நியூட்ரானை உறிஞ்ச போரான் கலந்திருக்கும். நீராவி குளிர்ந்து வரும் நீரில் போரான் கிட்டத்தட்ட இருக்காது. யு குழாயின் மறுபக்கம் இறங்கிய பகுதி பம்புக்கு முன்னுள்ள வளைவில் தேங்கும். பிறகு பம்பை ஓட்டினால் அந்தப் போரானற்ற நீர் ஒரே மொத்தையாக மையத்துக்குள் புகுந்து வினைத்திறனை (அணுப்பிளவுத் தொடர்வினை பெருகும் போக்கை) ஏற்றிவிடலாம். ஆகவே இந்த நிலை நீடித்திருந்தால், பம்பை மறுபடி ஓட்டும் முன் அந்த வளைவில் தேங்கிய நீரைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.