எம்பி3 பாட்டுகளின் சத்தத்தைத் தரம் கெடாமல் மாற்றியவர்கள் சொல்லுங்கள்

கார் பென் டிரைவில் பல வருடப் பாட்டுகள் கலந்து கிடக்கின்றன. கேசட்டிலிருந்து மாற்றியது முணுமுணுக்கும். சரி என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்து வரும் புதுப்பாட்டு காதைக் கிழிக்கும். எடிட்டரில் திறந்து சரிசெய்து மறுபடி எம்பி3யாகச் சேமிக்கலாம்தான். ஆனால் எம்பி3 ஏற்கெனவே ஒருமுறை கழித்துச் சுருக்கிய ஒலி. அதை விரித்துத் திரும்பச் சுருக்கினால் இன்னும் கொஞ்சம் கழியும். ஜால்ரா, கைத்தட்டல் மாதிரி கூரான ஓசைகளில்தான் அது முதலில் தெரியும்.

அதனால் எம்பி3கெயின் என்ற மென்பொருள் பக்கம் போனேன். எம்பி3 ஃபைல் என்பது சின்னச் சின்ன பிரேம்களின் வரிசை. 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டில் ஒரு பிரேம் சுமார் 26 மில்லிசெகண்ட். ஒவ்வொன்றிலும் 'குளோபல் கெயின்' என்று 0 முதல் 255 வரையிலான எண்கள் இருக்கும். எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதை பிளேயர் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. மென்பொருள் அந்த எண்ணை மட்டும் மாற்றும், சுருக்கிய ஒலித் தரவில் கைவைக்காது.

ஒரே கட்டுப்பாடு, அந்த எண்ணில் ஒன்று மாறினால் சத்தம் சுமார் 1.5 டெசிபல் மாறும். அதற்குக் குறைவாக முடியாது. என்னிடம் ஒரு பாட்டின் சத்தத்தை 98.2 டெசிபல் என்று காட்டியது, கொண்டுவர வேண்டிய இலக்கு 89. குறைய வேண்டியது 9.2, உண்மையில் குறைத்ததோ ஆறு படி, அதாவது 9. மிச்சம் 0.2 காதுக்கு எங்கே தெரியப் போகிறது!

89 என்பது அதிலேயே வரும் இலக்கு. எல்லாவற்றிலும் சத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது என்று தோன்றினால் கூட்டிக்கொள்ளலாம். கிளிப்பிங் ஆகும், அதாவது சத்தம் எல்லை மீறி உச்சங்கள் வெட்டுப்படும் பாட்டுகளைச் சிவப்பில் காட்டும், அதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். இன்னொன்று, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடரும் ஆல்பமாக இருந்தால் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சரிசெய்யும் 'டிராக்' வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே அளவு மாற்றும் 'ஆல்பம் கெயின்' போடுங்கள். இல்லாவிட்டால் மென்மையாக இருக்க வேண்டிய பாட்டும் மற்றவற்றோடு சேர்ந்து கத்தும்.

மறுமொழி

'தரம் குறையாது' என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். ஒரு நகல் எடுத்து நான்கு படி குறைத்தேன், அப்புறம் நான்கு படி கூட்டினேன். மூலத்தையும் இதையும் சுருக்காத வேவ் ஃபைலாக விரித்து ஒப்பிட்டால் ஒரு சாம்பிள்கூட மாறவில்லை. எவ்வளவு மாற்றினோம் என்பதை மென்பொருள் ஃபைலின் டேகிலேயே (ஒலியோடு ஒட்டியிருக்கும் குறிப்பு) எழுதி வைப்பதால், பின்னாளில் 'அன்டூ' செய்யவும் முடியும்.

கரகரப்பு பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் குறைத்தபின் என் சில பாட்டுகளில் அது போய்விட்டது, சிலவற்றில் அப்படியே இருக்கிறது. உச்சங்கள் ஃபைலுக்குள் முழுசாக இருந்து, பிளேயர் வெளியே விடும்போதுதான் வெட்டுப்பட்டது என்றால் குறைத்ததும் சரியாகிவிடும். ஸ்டுடியோவிலேயே வெட்டி வந்த பாட்டை இது ஒன்றும் செய்யாது. தேய்ந்த சட்டையைத் துவைத்தால் புதுசாகுமா?

மறுமொழி

நான் பாட்டுக்காரன் இல்லை, சொற்பொழிவுப் பதிவுகளோடு மல்லுக்கட்டுபவன். ஒரு பதிவில் இடப்பக்கம் மட்டும் பலவீனம். கட்டளை வரி எம்பி3கெயினில் ஒரு சேனலை மட்டும் மாற்ற வழி உண்டு என்று படித்துவிட்டு உட்கார்ந்தேன். ஃபைல் ஜாயின்ட் ஸ்டீரியோ, அதனால் நடக்கவில்லை. அதில் இடமும் வலமும் தனித்தனியாக இல்லாமல் கலந்து இருக்கலாம், ஒன்றை மட்டும் தொட முடியாது. சாதா ஸ்டீரியோவில்தான் அது நடக்கும். கடைசியில் மூல வேவ் ஃபைலைத் தேடியெடுத்துப் புதிதாகச் சுருக்கினேன்.

மறுமொழி

எம்பி3க்குப் பதில் எம்4ஏ ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு ஏஏசிகெயின் இருக்கிறது, இதே வேலைதான். ஓபஸ் என்ற இன்னொரு ஒலி வடிவில் ஃபைலின் தலைப்பகுதியிலேயே கெயினுக்கு இடம் உண்டு, 1.5 படித் தொல்லையும் கிடையாது. போனில் மட்டும் கேட்பதென்றால் எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்லும் ரீப்ளேகெயின் டேக் போதும், ஒலியைத் தொடவே வேண்டாம். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர் வேண்டும். என் கார் ஸ்டீரியோ அந்த டேகைச் சட்டையே செய்யவில்லை, அதனால் காருக்கு மட்டும் எம்பி3கெயின்தான்.