பன்றியில் மருந்து கசியும் ஸ்டென்ட் கிராஃப்ட்: எதோடு ஒப்பிடுவது?

கேள்வி:
வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு, டாக்ஸிசைக்ளின் (தமனிச் சுவரை அரிக்கும் நொதிகளைத் தடுக்கும் ஆன்டிபயாடிக்) பூசிய ஸ்டென்ட் கிராஃப்டை, அதாவது தமனிக்குள் வைக்கும் துணி போர்த்திய உலோக வலைக் குழாயை, பன்றியில் சோதிக்கத் திட்டம் எழுதுகிறேன். தமனியைப் பலூனால் விரித்து, சுவரின் எலாஸ்டின் (மீள்தன்மை தரும் புரதம்) இழைகளைச் சிதைக்கும் எலாஸ்டேஸ் நொதியைச் செலுத்தி வீக்கத்தை உண்டாக்குவோம். கிராஃப்ட் வைக்காத விலங்குகள் மட்டும் ஒப்பீட்டுக்குப் போதுமா?

பதில் 1:
போதாதுங்க. கிராஃப்ட் துணியே ரத்த அழுத்தத்தைச் சுவரிலிருந்து விலக்கிவிடும். வீக்கம் சுருங்கினால் மருந்தாலா, துணியாலா என்று எப்படிச் சொல்வீர்கள்? மருந்தில்லாத அதே கிராஃப்ட் ஒரு குழுவுக்குக் கட்டாயம் வேண்டும். மருந்தைப் பிடித்துவைக்கும் பாலிமர் பூச்சு மட்டும் உள்ள குழுவும் இருந்தால் இன்னும் நல்லது. சில பாலிமர்கள் கரையும்போதே அழற்சியைக் கிளப்பும். மருந்தைத் துணியின் வெளிப்பக்கம் பூசுங்கள். உள்பக்கம் என்றால் ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடும்.

கேட்டவர்:
சரி சார். ஆனால் 2020இல் வெளிவந்த மனிதச் சோதனையில் டாக்ஸிசைக்ளின் மாத்திரை சிறிய வீக்கங்களின் வளர்ச்சியைக் குறைக்கவில்லையே? எலிகளில் நன்றாகத்தானே வேலை செய்தது?

பதில் 2:
மாத்திரை போலில்லாமல், கிராஃப்டிலிருந்து சுவருக்கே நேராக மருந்து போகிறது என்று வாதிடலாம். எனக்கு அரை நம்பிக்கைதான். நோயாளியின் வீக்கத்துக்குள் பெரும்பாலும் பழைய ரத்தக்கட்டி அப்பியிருக்கும். மருந்து அதைத் தாண்டணும். இளம் பன்றிக்கு அந்தத் தொல்லையே கிடையாது. அப்புறம், பண்ணைப் பன்றி வளர வளரத் தமனியும் பெருக்கும். குட்டை இனமாகக் கேட்டு வாங்குங்கள். எலாஸ்டின் இழைகளை எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியவே கூடாது.