41,300 ரூபாய் கட்டி டிரேடிங் வகுப்பில் சேரலாமா?

கேள்வி: கொளத்தூர்வாசி

வணக்கம். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வடபழனியில் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்த இலவசப் பங்குச்சந்தைக் கருத்தரங்குக்கு நண்பருடன் போயிருந்தேன். முதல் ஒரு மணி நேரம், விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கேண்டில்ஸ்டிக் படங்களைப் பற்றி நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த இரண்டு மணி நேரமும், வேலையை விட்டுவிட்டு டிரேடிங்கை மட்டுமே நம்பி வாழ்வதாகச் சொன்ன சிலரை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். முடிவில், மூன்று மாத வகுப்புக்கு 60,000 ரூபாய் என்றும், அன்றைக்கே பெயர் கொடுப்பவர்களுக்கு மட்டும் 35,000 ரூபாய் என்றும் அறிவித்தார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 41,300 ரூபாய். நான் 2,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். மீதியை வரும் சனிக்கிழமைக்குள் கட்ட வேண்டும்.

மகளின் பள்ளிக் கட்டணத்தைத் தனியே எடுத்து வைத்தது போக, என் கையில் இருப்பது 1,50,000 ரூபாய். ஆப்ஷன் டிரேடிங் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையைக் கைமாற்றும் வணிகம்) கற்றுக்கொண்டு மாதம் பத்தாயிரமாவது கூடுதலாக வந்தால் வீட்டுக்கு உதவியாக இருக்கும் என்பதுதான் என் ஆசை. வீட்டில் சொன்னபோது என் மனைவி எதிர்ப்பு சொல்லவில்லை, "கற்றுக்கொண்டால் எந்த நேரத்தில் செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது, என் ஷிப்டு 8.30 முதல் 5 மணி வரை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். இப்படிக் கட்டணம் கட்டிப் படித்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய மாணவன்

நண்பரே, 2022ஆம் ஆண்டின் கடைசியில் இதே போன்ற ஒரு வகுப்பில் 28,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தவன் நான். அங்கே பொய்யான பாடம் எதையும் நடத்தவில்லை. சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ், மூவிங் ஆவரேஜ், ஸ்டாப்லாஸ் (விலை ஓர் அளவுக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும் ஆர்டர்) என்று அவர்கள் சொல்லித்தந்த எல்லாமே சரியானவைதான். அவை அனைத்தும் செலவில்லாமலே கிடைக்கக்கூடியவை என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2023 மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. அப்போது நிஃப்டி குறியீட்டு ஆப்ஷன்களுக்கு அதுதான் எக்ஸ்பயரி நாள், அதாவது ஒப்பந்தம் முடியும் நாள். ஒரு லாட்டுக்கு, அதாவது வாங்கக்கூடிய குறைந்தபட்சத் தொகுப்புக்கு, 50 எண்ணிக்கை. குறியீடு ஏறினால் லாபம் தரும் கால் ஆப்ஷனை, ஒன்றுக்கு 42 ரூபாய் பிரீமியத்தில் (ஆப்ஷனின் விலை) 2 லாட் வாங்கி, பாடத்தில் சொன்னபடியே 30 ரூபாயில் ஸ்டாப்லாஸ் போட்டேன். விலை 31க்கு இறங்கியது. "இங்கேதான் திரும்பும், பொறுத்திருங்கள்" என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்ததும், நான் ஸ்டாப்லாஸை என் கையாலேயே நீக்கினேன். மாலை மூன்றே காலுக்கு அதன் விலை 2 ரூபாய் 15 பைசா. போனது 3,985 ரூபாய்தான். ஆனால் அதை மீட்டுவிட வேண்டும் என்று அடுத்த வாரம் 4 லாட், அதற்கடுத்த வாரம் 8 லாட் என்று ஏற்றிக்கொண்டே போனேன். எட்டு மாதத்தில் 1,36,000 ரூபாய் கரைந்தது. வகுப்பில் நடந்த தேர்வில் ஸ்டாப்லாஸ் பற்றிய கேள்விகளுக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். பணம் கண்ணெதிரே குறையும்போது கையைக் கட்டிவைப்பதற்கு எந்தப் பாடமும் எனக்கு உதவவில்லை.

யாரும் முன்கூட்டியே சொல்லாத இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து முறை வாங்கி விற்றால் பத்து ஆர்டர். ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு வீதம் 200 ரூபாய், ஜிஎஸ்டியோடு 236 ரூபாய். மாதத்தில் 20 நாள் என்றால் 4,720 ரூபாய். பங்குப் பரிவர்த்தனை வரியும் எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் இதில் சேரவில்லை. ஒரு லட்சம் ரூபாய் முதலில் மாதம் ஏறக்குறைய 4.7 சதவீதத்தை நீங்கள் லாபம் பார்ப்பதற்கு முன்பே இழக்கிறீர்கள். மாதம் பத்தாயிரம் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பதினைந்தாயிரத்துக்குக் குறையாமல் ஈட்டினால்தான் அது கைக்கு வந்து சேரும்.

பதில் 2: செகண்ட் லைன் பீச்

தம்பி, நான் இளவயதில் செகண்ட் லைன் பீச் தெருவில், மெட்ராஸ் பங்குச் சந்தைக் கட்டடத்தில் ஒரு தரகர் அலுவலகத்தில் கணக்கெழுதத் தொடங்கியவன். 1937இல் தோன்றிய அந்தச் சந்தையே 2015இல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் அனுமதியோடு விலகிக்கொண்டது; நான் அதற்குப் பிறகும் வேறொரு தரகு நிறுவனத்தின் பேக் ஆபீஸில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். வாடிக்கையாளர்களின் லாப நட்டக் கணக்கைத் தினமும் பார்த்தவன் என்ற உரிமையில் சில விவரங்களைச் சொல்கிறேன்.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ் (பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ செய்யும் ஒப்பந்தம்), ஆப்ஷன்ஸ் பிரிவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தனர். செலவுகளையும் சேர்த்தால் ஒருவருக்குச் சராசரி இழப்பு சுமார் 2 லட்சம் ரூபாய். செலவு போக 1 லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் கண்டவர்கள் 1 சதவீதம் பேர்தான். 2024-25ஆம் ஆண்டிலும் 91 சதவீதம் பேருக்கு நட்டமே. இவர்களில் எத்தனையோ பேர் உங்களைப் போலவே வகுப்புக்குப் பணம் கட்டியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,50,000 ரூபாயில் 41,300 போனால் மீதி 1,08,700. பழைய நிலைக்குத் திரும்புவதற்கே அந்த மீதியில் 38 சதவீதம் லாபம் வர வேண்டும். மேலும், 2024 நவம்பரிலிருந்து நிஃப்டி போன்ற குறியீடுகளின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாகச் செபி உயர்த்திவிட்டது. ஆப்ஷன் வாங்குவதற்குப் பிரீமியம் மட்டும் போதும் என்றாலும், லாட் பெரிதானதால் ஒவ்வொரு புள்ளி இறக்கத்திலும் போகும் பணமும் பெரிதாகிவிட்டது. சிறிய முதலை வைத்துக்கொண்டு பழகிப் பார்ப்பதற்கு இது ஏற்ற இடமன்று.

அவர்கள் "லைவ் மார்க்கெட்டில் கூடவே இருந்து சொல்லித்தருவோம்" என்று உறுதியளித்தார்களா? அப்படியானால் அங்கேதான் கவனம் வேண்டும். பாடம் மட்டும் நடத்துபவர்கள், முந்தைய மூன்று மாத விலை விவரத்தைப் பயன்படுத்தி ஒரு பங்கின் பெயரைச் சொல்லி அதன் எதிர்கால விலையையோ பரிந்துரையையோ சுட்டக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியிருக்கிறது. எதை வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று கட்டணத்துக்குச் சொல்பவர் செபியில் பதிவுபெற்ற ஆலோசகராகவோ ஆய்வாளராகவோ இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் செபி இணையதளத்தில் சரிபாருங்கள். கூடவே, பயிற்சியாளரின் கடந்த ஓராண்டு லாப நட்ட அறிக்கையைத் தரகு நிறுவனம் தரும் வடிவிலேயே காட்டச் சொல்லுங்கள். செல்பேசித் திரையில் காட்டும் ஒருநாள் லாபப் படம் எதற்கும் சான்றாகாது.

பதிவில்லாத வகுப்பின் கட்டணத் தகராறுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. முதலில் 1915 உதவி எண்ணில் பேசலாம். அந்த 2,000 ரூபாய்க்காக மீதி 39,300 ரூபாயையும் கட்டிவிடாதீர்கள்.

பதில் 3: சனிக்கிழமை மாணவி

கட்டணம் வாங்கும் வகுப்புகள் எல்லாமே வீண் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர் தம் வீட்டு முன்னறையில் பத்து சனிக்கிழமைகள் நடத்திய வகுப்புக்கு நான் 6,000 ரூபாய் கொடுத்தேன். நிறுவனங்களின் ஆண்டறிக்கையை அச்செடுத்து மேசையில் விரித்துவைத்து வரிவரியாகப் படிக்கவைப்பார். ஒருநாள் ஒரு நிறுவனத்தின் விற்பனை 12 சதவீதம் உயர்ந்திருப்பதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தபோது, அவர் பென்சிலால் வரவேண்டிய கடன் பாக்கியைச் சுட்டிக்காட்டினார். அது 40 சதவீதம் ஏறியிருந்தது. பொருளைக் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் காத்திருக்கும் கம்பெனி அது என்பதைப் பணப்புழக்க அறிக்கையைப் பார்த்து நாங்களே கண்டுபிடித்தோம். எதை வாங்குவது என்ற பேச்சு அந்தப் பத்து வாரங்களில் ஒருமுறைகூட வரவில்லை.

இப்போது மாதாமாதம் இன்டெக்ஸ் ஃபண்டில் (ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கிவைக்கும் மியூச்சுவல் ஃபண்ட்) போடுவது போக, ஆண்டுக்கு இரண்டு மூன்று பங்குகள் வாங்குகிறேன். அறிக்கையை இரவு ஒன்பது மணிக்கும் படிக்கலாம், ஞாயிற்றுக்கிழமையும் படிக்கலாம். உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு இந்த வழியில் பதில் இருக்கிறது, அண்ணா. பணம் செலவழிப்பதற்கு முன்னால், செபி தொடங்கிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் கட்டணமின்றி நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வை எழுதிப் பாருங்கள். அதற்குரிய பாடநூலும் இணையத்தில் கிடைக்கிறது.

கொளத்தூர்வாசி

பதில் எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, ஐயா சொன்னபடியே பதிவு எண்ணையும் ஓராண்டு லாப நட்ட அறிக்கையையும் கேட்டேன். தாங்கள் கல்வி மட்டுமே தருவதால் பதிவு தேவையில்லை என்றார்கள். அப்படியானால் லைவ் மார்க்கெட் அமர்வு எப்படி நடக்கும் என்று கேட்டதற்கு, மேலாளர் பேசுவார் என்றார்கள். லாப நட்ட அறிக்கை தனிப்பட்ட விவரமாம். ஷிப்டு நேரத்தைச் சொன்னபோது, செல்பேசியில் அலர்ட் வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. எங்கள் ஷாப் ஃப்ளோரில் செல்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மாலையில் அவர்களே மறுபடியும் அழைத்து, எனக்காகக் கெடுவைத் திங்கட்கிழமை வரை நீட்டியிருப்பதாகச் சொன்னார்கள். சேரவில்லை என்று சொல்லிவிட்டேன். முன்பணத்தைத் திருப்பித் தரும்படி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் 1915இல் பேசுவேன். என்ஐஎஸ்எம் பாடநூலை இன்று இரவு தொடங்குகிறேன். மயிலாப்பூர் வகுப்பைப் பற்றி எழுதிய சகோதரிக்கு ஒரு கேள்வி: நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன், வரவு செலவுக் கணக்கே படித்ததில்லை. அந்த ஆடிட்டர் ஐயா அடிப்படையிலிருந்து தொடங்குவாரா?